பழைய தேக்கும் பேராக்சைடும்: எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது

கேள்வி: காரைக்குடிக்கு அருகே சிறு மரப்பட்டறை நடத்துகிறேன். என்னையும் சேர்த்து 4 பேர் வேலை செய்கிறோம். இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்குக் கதவு, நிலை, உத்தரம் ஆகியவற்றை வாங்கி மேசையும் பெஞ்சும் செய்து விற்கிறோம். பெயிண்ட் பூசிய கதவுகளைக் காஸ்டிக் சோடாத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டும்போது மரம் கறுத்துவிடுகிறது. ஆணி இருந்த இடங்களில் கருநீலத் திட்டுகளும் நிற்கின்றன. பெங்களூரு கட்டடக் கலைஞர் ஒருவர் 6 தேக்கு மேசைகளும் மாமரத்தில் 12 முக்காலிகளும் வெளிர் நிறத்தில் கேட்டிருக்கிறார். அதற்கு 30 சதவீத ஹைட்ரஜன் பேராக்சைடு வேண்டும் என்கிறார்கள். மருந்துக்கடையில் சிறு புட்டிதான் இருக்கிறது. கெமிக்கல் கடைக்காரர் 50 சதவீதத்தில் 30 கிலோ கேனாகத்தான் தருவேன் என்பதோடு, எதற்கு, யாருக்கு என்று பல கேள்விகளும் கேட்கிறார். இணையத்தில் கேட்டு வாங்க முயன்றேன். கூரியர் நிறுவனம் எடுத்துவர மறுத்துவிட்டது. எங்கே, எப்படி வாங்குவது?

பதில்:

அன்பு நண்பருக்கு வணக்கம். கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பெரிதாக்கி, பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டது பேராக்சைடு கிடைக்கும் வழியை. அதைத் தெளிவாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பாக, உங்கள் 6 தேக்கு மேசைகளுக்கும் பேராக்சைடே தேவைப்படாது என்பதைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தேவைப்படுவது அந்த 12 முக்காலிகளுக்கு மட்டும். அதுவும் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டருக்குள். இந்த அளவு தெரிந்துவிட்டால், எங்கே வாங்குவது என்ற கேள்வியின் கடுமை பாதிக்குமேல் குறைந்துவிடும்.

மரத்தை வெளுக்கப் பயன்படும் பொருள்கள் மூன்று. சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வீட்டில் கழிப்பறைக்கும் தரைக்கும் பயன்படுத்தும் குளோரின் பிளீச், பூசிய சாயத்தையும் பூஞ்சைக் கறையையும் எடுக்கும். மரத்தின் சொந்த நிறத்தில் பெரிய மாற்றம் செய்யாது. ஆக்ஸாலிக் அமிலம் இரும்புக் கறையையும், தண்ணீர் நின்ற கறையையும், காஸ்டிக் சோடா போன்ற காரம் பட்டுக் கறுத்த கறுப்பையும் எடுக்கும். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பேராக்சைடும் சேர்ந்த இரட்டை வெளுப்பு மட்டுமே மரத்தோடு பிறந்த நிறத்தை எடுக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்டால் செலவு ஆகும், மரம் கெடும், கறை அப்படியே இருக்கும். இரும்புக் கறையின்மேல் பேராக்சைடு ஊற்றிவிட்டு, போதவில்லை என்று எண்ணி அதைவிடக் கடுமையான கரைசலைத் தேடிப் போகிறவர்களை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். கரைசலின் வீரியத்தில் குறையில்லை. கறை வேறு, மருந்து வேறு.

உங்கள் கதவுகளுக்கு வருவோம். தேக்கு மரத்தில் காரம் பட்டால் கறுக்கும் பொருள்கள் உண்டு. காஸ்டிக் சோடாத் தண்ணீர் ஊற்றிப் பெயிண்டைச் சுரண்டும்போது, பெயிண்ட் கழன்ற இடத்தில் அந்தக் காரம் மரத்துக்குள் இறங்குகிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால் மேலே உள்ளது போய்விடும். நார்களுக்குள் இறங்கியது தங்கிவிடும். புகைப்படத்தில் தெரியும் காப்பிக்கொட்டை நிறம் அப்படி வந்ததுதான். அது மரத்தின் நிறம் அன்று. நீங்கள் உண்டாக்கிய நிறம். ஆணித் துளைகளைச் சுற்றியுள்ள கருநீலத் திட்டு, இரும்பும் மரத்தின் துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்து உண்டானது. பழங்காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய அதே முறைதான் அங்கே தானாக நடந்திருக்கிறது. மூன்றாவதாக, படம் மூன்றில் தாழ்ப்பாளைச் சுற்றித் தெரியும் பளபளப்பான கறுப்பு, பல பத்தாண்டுகளாகப் பூசிய எண்ணெயும் கைபட்ட அழுக்கும் விளக்குப் புகையும் சேர்ந்த படிவு. அதற்கு எந்த வெளுப்பும் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் நைலான் தூரிகையும் பொறுமையும் போதும்.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. எலுமிச்சை மூடியைக் கறைமேல் நன்றாகத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் சற்றேனும் வெளுத்திருந்தால், அது இரும்போ காரமோ உண்டாக்கிய கறை. ஆக்ஸாலிக் அமிலத்துக்கு உரியது. சிறிதும் மாறாவிட்டால் அழுக்குப் படிவாகவோ மரத்தின் சொந்த நிறமாகவோ இருக்கலாம். மறைவான ஒரு மூலையில் இழைப்புளியால் ஒரே ஓர் இழைப்பு இழைத்தால் அதுவும் தெரிந்துவிடும்.

ஆக்ஸாலிக் அமிலத்துக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. மொசைக் தரையும் மார்பிள் தரையும் பாலிஷ் போடுகிறவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் வெள்ளைத் தூள்தான் அது; காரைக்குடியில் தரை பாலிஷ் பொருள் விற்கும் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 80 முதல் 100 கிராம் வரை கரைத்து, திட்டின்மேல் மட்டுமல்லாமல் பலகை முழுவதும் ஒரே சீராகப் பூசுங்கள். திட்டில் மட்டும் பூசினால் அந்த இடம் வெளிறிப்போய் வேறொரு திட்டாகத் தெரியும். பிளாஸ்டிக் வாளியிலேயே கரையுங்கள். இரும்புச் சட்டி கூடாது. காய்ந்த பிறகு தண்ணீரால் மூன்று முறை கழுவுங்கள். பழைய ஆணித் துண்டுகளை முதலிலேயே பிடுங்கிவிட வேண்டும். ஒன்று உள்ளே இருந்தாலும் கறை திரும்பி வரும். ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மரத்தின்மேல் காய்ந்து படிந்த அதன் பொடியை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. குளோரின் பிளீச் பூசிய மரத்தின்மேல் அதை ஒருபோதும் ஊற்றக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தத் தேக்கு உங்களுக்கு என்ன நிறத்தில் கிடைக்கும் என்றால், பொன் கலந்த பழுப்பில் கிடைக்கும். கட்டடக் கலைஞர் கேட்பது அதைவிட வெளிர் நிறம் என்று நீங்கள் சொல்லலாம். இங்கே என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து, நகரத்தார் வீடுகளின் வளவிலும் பட்டாலையிலும் தூணாகவும் நிலையாகவும் எண்பது, நூறு ஆண்டுகள் நின்ற மரம் அது. 1942-இல் போர் பர்மாவுக்குள் வந்து, செட்டிமார்கள் தொழிலை விட்டு ஊர் திரும்ப நேர்ந்த பிறகு, அந்த மரம் அந்த அளவில் இந்த மண்ணுக்கு மறுபடி வரவில்லை. அதன் நெருங்கிய ரேகைக்கும் ஆழ்ந்த நிறத்துக்கும்தான் வாங்குகிறவர் விலை கொடுக்கிறார். காஸ்டிக்கையும் பேராக்சைடையும் ஊற்றி அதை ரப்பர் மரத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தால், அந்த இழப்பைப் பின்னால் எந்தப் பாலிஷும் ஈடுகட்டாது. தவிர, தேக்கு இரட்டை வெளுப்புக்கு எளிதில் இணங்குகிற மரமும் அன்று. அதன் எண்ணெய்ப்பசை கரைசலைச் சீராக உறிஞ்சவிடாது. ஈட்டியும் கருங்காலியும் இன்னும் மோசம்.

வெளிர் தேக்குக்கு வேறு வழி இருக்கிறது. இழைப்புளியால் மேலே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் எடுத்துவிட்டு, பலகைகளை நிழலில் அடுக்காமல் நான்கைந்து நாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுங்கள். புதிதாக இழைத்த தேக்கில் தெரியும் பச்சையும் கறுப்புமான வரிகள் வெயிலில் அடங்கி, நிறம் ஒரே சீராகப் பொன்னிறத்துக்கு வரும். அதன்மேல் வெள்ளை நிறமி சிறிதளவு கலந்த சீலரை, அதாவது பாலிஷுக்கு முன் மரத்துளைகளை அடைக்கும் பூச்சை, பூசித் துடைத்தெடுத்தால், ரேகையின் பள்ளங்களில் வெண்மை தங்கி, பார்வைக்கு வெளிர் மேசையாகவே இருக்கும். வெண்மைக்காகச் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிவிடாதீர்கள்; அதுவும் காரம்தான், தேக்கை மறுபடி கறுக்கச் செய்யும். இனிமேல் வரும் கதவுகளின் பெயிண்டை எடுக்கவும் காஸ்டிக்கை நிறுத்திவிட்டு, சூடான காற்று வீசும் கருவியையும் சுரண்டியையும் பயன்படுத்துங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் மிதமான சூட்டில், முகக்கவசத்துடன், திறந்தவெளியில் செய்யுங்கள்.

இனி முக்காலிகளும் பேராக்சைடும்.

மாமரம் வெளுப்புக்கு இணங்கும். அதில் நீலச் சாம்பலாக ஓடும் பூஞ்சைக் கறைக்கு முதலில் குளோரின் பிளீச்சை ஒரு பலகையில் முயன்று பாருங்கள். அதிலேயே போதுமான வெளிர்ப்பு வந்துவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது. மைக்கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்பு வரிகள் ஓடும் பலகை இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த வரிகள் எந்த வெளுப்புக்கும் எளிதில் போகா. மீதமுள்ள பழுப்பு நிறம் மரத்தின் சொந்த நிறம்; அங்கேதான் பேராக்சைடு தேவைப்படுகிறது.

முதலில் புட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். மருந்துக்கடைப் புட்டியில் "20 வால்யூம்" என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும் என்பது அதன் பொருள்; சதவீதக் கணக்கில் அது சுமார் 6. பத்து வால்யூம் என்றால் 3 சதவீதம். நூறு வால்யூம் என்றால் 30 சதவீதம். முடிதிருத்தும் நிலையப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், முடிச்சாயத்தில் கலக்கும் டெவலப்பரும் பேராக்சைடுதான். ஆனால் அது பசையும் வாசனையும் சேர்த்த களிம்பு, மரத்துக்கு ஆகாது. மருந்துக்கடையின் 6 சதவீதம் வீரியம் குறைந்தது என்றாலும், வெளிர்மரத்தில் காரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று முறை பூசினால் ஓரளவு வேலை செய்யும். ஒரு முக்காலியை அதில் சோதித்துப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள் என்பேன்.

அது போதாவிட்டால் உங்களுக்கு வேண்டியது 30 சதவீதக் கரைசல். இந்த வீரியத்தில் அது, பள்ளி கல்லூரி ஆய்வகங்களுக்கு வேதிப்பொருள் வழங்கும் விநியோகஸ்தர்களிடம் 500 மில்லி புட்டிகளாகவே கிடைக்கும். ஆய்வகத் தரத்தில் இரண்டு வகை உண்டு. பகுப்பாய்வுத் தரம் விலை கூடியது, உங்களுக்குத் தேவையில்லை. சாதாரண ஆய்வகத் தரமே போதும். மதுரையிலும் திருச்சியிலும் இப்படிப்பட்ட விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் ஆய்வகங்களுக்குச் சரக்கு வருவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான். உங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையில் போய், எந்த விநியோகஸ்தரிடம் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய புட்டியைக் கேட்காதீர்கள், முகவரியை மட்டும் கேளுங்கள். மரப் பாலிஷும் வெனீரும் விற்கும் பெரிய கடைகளில், காரமும் பேராக்சைடும் "ஏ", "பி" என்று தனித்தனிப் புட்டிகளில் அடைத்த மர வெளுப்புத் தொகுப்பு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. விலை கூடுதலாக இருந்தாலும் வீரியமும் மூடியும் எச்சரிக்கைக் குறிப்பும் முறையாக அமைந்திருக்கும்.

கெமிக்கல் கடைக்காரர் 50 சதவீதக் கேனை மட்டுமே காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் பேராக்சைடின் பெரிய வாடிக்கையாளர்கள் துணியை வெளுக்கும் ஆலைகளும் காகித ஆலைகளும்தான். திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்து ஆலைகளுக்குப் போகும் சரக்கு அது. அவர்களிடம் அதற்கான தொட்டியும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கும். உங்களிடம் இருப்பது மரத்தூளும் ஸ்பிரிட்டும் தின்னரும் நிறைந்த கொட்டகை. 50 சதவீதத்தில் 30 கிலோ என்பது சுமார் 25 லிட்டர். அது முழுவதும் சிதைந்தால் ஏறக்குறைய 5000 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். தான் எரியாது, ஆனால் அருகில் எரியக்கூடியது எதுவானாலும் அதைக் கொழுந்துவிட்டு எரியச்செய்யும். விலை மலிவு என்று பார்த்து அந்தக் கேனை வாங்கிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒன்றரை லிட்டர். மீதியைச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓர் ஆண்டு காப்பது எப்படி என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அது சிதையும் வேகம் இரு மடங்குக்கு மேலாகும். அதேபோல, வீரியம் குறைந்த கரைசலைக் காய்ச்சியோ வேறு வகையிலோ செறிவாக்க முயல்வது உயிருக்கே ஆபத்தானது. அந்த எண்ணமே வேண்டாம்.

எதற்கு, யாருக்கு என்று அவர் கேட்டதில் நீங்கள் வருத்தப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து வருத்தப்படாதீர்கள். செறிவான பேராக்சைடு தவறானவர்கள் கையில் வெடிபொருளுக்கு மூலப்பொருளாகக்கூடும் என்பதால் உலகெங்கும் அதன் விற்பனையைக் கவனிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 12 சதவீதத்துக்கு மேற்பட்டதைப் பொதுமக்கள் தாராளமாக வாங்க முடியாது. ஆகவே கேள்வி கேட்கும் வியாபாரிதான் நல்ல வியாபாரி. கேட்காமல் புட்டியை நீட்டுகிறவரிடம் சரக்கும் நம்பத்தக்கதாக இருக்காது. நீங்கள் போகும்போது சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதன் நகல், அடையாள அட்டை ஆகியவற்றுடன், பட்டறையின் கடிதத்தாளில் நான்கு வரி எழுதி எடுத்துச் செல்லுங்கள்: என்ன தொழில், எந்த மரம், எத்தனை உருப்படி, எத்தனை லிட்டர், எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று. பட்டறையின் பெயரிலேயே ரசீது கேளுங்கள். வேறொருவர் பெயரில் வாங்குவதும், உள்ளதை மறைத்து வேறு காரணம் சொல்வதும் கூடாது. ஒளிவில்லாமல் கேட்கிற சிறு பட்டறைக்குச் சரக்கு கொடுக்க வியாபாரிகள் தயங்குவதில்லை என்பது என் அனுபவம். வாங்கும்போதே பாதுகாப்புத் தகவல் தாளையும் கேட்டு வாங்கி, வேலை செய்கிறவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்.

கூரியர்காரர் மறுத்ததும் சரியே. 20 முதல் 60 சதவீதம் வரையுள்ள பேராக்சைடு, ஐ.நா. பட்டியலில் யு.என். 2014 என்ற எண்ணின்கீழ் ஆக்சிஜனேற்றியாகவும் அரிக்கும் பொருளாகவும் வகைப்படுத்தப்பட்ட அபாயச் சரக்கு. சாதாரணப் பொட்டலமாக அதை அனுப்ப முடியாது, அஞ்சலிலும் முடியாது. விநியோகஸ்தர் தம் வண்டியில் கல்லூரிகளுக்குச் சரக்கு கொண்டுவரும் நாளில் உங்கள் புட்டிகளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வதே நல்ல வழி. நீங்களே போய் எடுப்பதானால், எவ்வளவு, எப்படி ஏற்றலாம் என்று விநியோகஸ்தரிடம் கேட்டுக்கொண்டு, புட்டிகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் நிமிர்த்தி வைத்து, பெட்ரோலோ தின்னரோ துணி மூட்டையோ அருகில் இல்லாமல், வெயிலில் வண்டியை நிறுத்தாமல் நேரே வாருங்கள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவது கூடவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை எண்ணிப் பார்த்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கொண்டுவந்ததை அதன் சொந்தப் புட்டியிலேயே, காற்றுப் போகும் அதன் சொந்த மூடியுடனேயே, குளிர்ந்த இருட்டான இடத்தில் தனியாக வையுங்கள். சோடா புட்டியிலோ தண்ணீர் புட்டியிலோ மாற்றவே கூடாது. பார்வைக்கு அது தண்ணீர்தான், தாகத்தோடு வருகிறவர் எடுத்துக் குடித்துவிடுவார். புட்டியிலிருந்து ஊற்றி மிஞ்சியதை மறுபடி அதில் விடக்கூடாது. தூரிகையில் ஒட்டிய ஒரு துளி இரும்புத்துருவோ செம்புத்தூளோ உள்ளே போனாலும் புட்டி முழுவதும் சிதையத் தொடங்கும். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், கைக்கு எட்டியது என்று ஒரு பித்தளைக் கிண்ணத்தில் பேராக்சைடை ஊற்றினேன். சில நொடிகளில் அது நுரைத்துச் சுடுதண்ணீராகப் பொங்கி என் மணிக்கட்டில் வழிந்தது. தோல் வெள்ளைவெளேரென்று வெளுத்து, இரவு முழுவதும் எரிந்தது. கண்ணில் பட்டிருந்தால் இன்று இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து கண்ணாடிப் பாத்திரமும் பிளாஸ்டிக்கும் தவிர வேறெதிலும் அதை ஊற்றியதில்லை.

செய்முறை நீளமானதன்று. காலையில், திறந்தவெளியில், நிழலில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டும் மூடிய கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு இவை இல்லாமல் யாரும் அருகே வரக்கூடாது. வேட்டியும் ரப்பர் செருப்புமாக இந்த வேலையைச் செய்ய முடியாது. குழாய் வைத்த தண்ணீர் டிரம் ஒன்று ஐந்து காலடிக்குள் இருக்க வேண்டும். கண்ணில் எது பட்டாலும் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். காஸ்டிக் பட்டால் வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிடவே கூடாது, அது உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 60 முதல் 80 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெறிக்கும். நைலான் தூரிகையால் முக்காலி முழுவதும் ஈரமாகும்படி பூசி, 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். மரம் முதலில் கறுக்கும், பயப்பட வேண்டாம். அது காயும் முன்பே வேறொரு தூரிகையால் பேராக்சைடைப் பூசுங்கள். நுரை எழும். மரத்தின் நிறத்துக்குக் காரணமான பொருள்களைப் பேராக்சைடு தாக்குவது காரத்தின் துணையோடுதான். அதனால்தான் காரம் முதலில் போக வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வைக்கக் கூடாது. மூடிய பாத்திரமாக இருந்தால் வெடித்தே விடும். இரவு முழுவதும் விட்டு, மறுநாள் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை செய்யலாம்; மூன்றாவது முறை வேண்டாம், நார் தளர்ந்து மேற்பரப்பு பஞ்சுபோல் ஆகிவிடும்.

வெளுத்த மரத்தைத் தண்ணீரால் இருமுறை நன்றாகக் கழுவிய பிறகே, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, மறுபடி தண்ணீரால் கழுவ வேண்டும். வினிகரையும் பேராக்சைடையும் பாத்திரத்தில் சேர்க்கக் கூடாது. காரம் எஞ்சியிருந்தால் மேலே அடிக்கும் மெலமைன் பாலிஷ் இறுகாது. ஈரம் எஞ்சியிருந்தால் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷில் கொப்புளம் வரும். ஆகவே காற்றோட்டமான நிழலில் குறைந்தது 3 நாள் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் ஆனாலும் பொறுத்திருங்கள். எழும்பி நிற்கும் நாரை 220-ஆம் எண் உப்புத்தாளால் மெல்லத் தடவினால் போதும். அழுத்தித் தேய்த்தால் வெளுத்த மெல்லிய மேற்பரப்பு போய்ப் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். கடைசல், செதுக்கல், துளை எல்லாவற்றையும் வெளுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம். மேற்பூச்சுக்கு மஞ்சளிக்காத பாலிஷைக் கேட்டு வாங்குங்கள்.

துடைத்த துணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேராக்சைடில் நனைந்த துணியையோ அது சிந்திய மரத்தூளையோ அப்படியே மூலையில் போட்டால், காயக் காயச் செறிவேறித் தானே தீப்பற்றக்கூடும். பட்டறையில் மாலையில் எல்லாரும் போன பிறகு நேரக்கூடிய விபத்து அது. ஒவ்வொரு துணியையும் வாளி நிறையத் தண்ணீரில் அலசிவிட்டே எறியுங்கள். சிந்தியதை மரத்தூள் தூவி உறிஞ்சும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இதற்கு மட்டும் அது ஆகாது, நிறையத் தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. காஸ்டிக் கழுவிய தண்ணீரை வினிகர் விட்டுக் காரத்தை முறித்து, லிட்மஸ் தாளில் சோதித்த பிறகு, கிணற்றுக்கும் ஊருணிக்கும் எட்டாத இடத்தில் விடுங்கள். மழைநீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் ஊருணிக்குக் கொண்டுசேர்க்க வாய்க்கால் வெட்டிய ஊர்கள் இவை; உங்கள் பட்டறையின் தரைச்சரிவு எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை, இந்தத் தொழிலில் எனக்குள்ள பிரியத்தினால் சேர்த்துக்கொள்கிறேன். இன்று ஆலைகளில் பேராக்சைடு தயாராவது ஆந்த்ராகுவினோன் என்னும் சேர்மக் குடும்பத்தின் துணையால். தேக்கைக் கறையான் எளிதில் அண்டாமல் காக்கும் பொருள்களில் ஒன்றான டெக்டோகுவினோனும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மரத்தைக் காக்கிற பொருளும், மரத்தின் நிறத்தை அழிக்கிற பொருளைப் பிறப்பிக்கிற பொருளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை முதலில் படித்த நாளில், கையிலிருந்த தேக்குச் சீவலை வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தேன்.

புட்டி வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஓர் அடி நீளத் தேக்குப் பலகை ஒன்றை ஆக்ஸாலிக் கழுவி, இழைத்து, வெயிலில் வைத்து, பாதிக்கு மட்டும் வெள்ளைச் சீலர் பூசுங்கள். மாமரத் துண்டு ஒன்றை மருந்துக்கடைப் பேராக்சைடில் வெளுத்து, அதிலும் பாதிக்கு மட்டும் பாலிஷ் போடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் என்ன செய்தீர்கள், எத்தனை முறை, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதி, கட்டடக் கலைஞருக்கு அனுப்பி, அவர் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். 6 சதவீதம் வெளுத்த துண்டே போதும் என்று அவர் சொல்லிவிட்டால், மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டிய வேலையே இல்லை. போதாது என்றால், 500 மில்லிப் புட்டி 2 வாங்குங்கள். முதல் முக்காலிக்கு எத்தனை மில்லி செலவாகிறது என்று அளந்து பார்த்துவிட்டு மூன்றாவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.